ஜட்ஜ் உட்காரவில்லை

கயிறு உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடியது. பைண்டர் விடவில்லை. வலது மணிக்கட்டில் ஒரு சுற்று சுற்றி, குதிகாலை மண்ணில் ஊன்றி, முழு உடம்பையும் பின்னால் சாய்த்து இழுத்தார். மறுமுனையில் நாய். மூக்கு தரையோடு தரையாக, வால் வானத்தைப் பார்த்தபடி... வண்டி மாடு மாதிரி இழுத்தது.

"பாப்பா... ஏய் பாப்பா... போதும், வெளியே வா. அப்பா தோத்துட்டேன்."



விடிந்தும் விடியாத ஐந்தரை மணி. மூடிக் கிடக்கும் கல்குவாரியை ஒட்டிப் போகும் சாலை. ஒரு பக்கம் கம்பி வேலி, மறுபக்கம் மரங்கள். நடுவில் பனி... பத்து எட்டு தள்ளி நிற்கும் ஆள் தெரியாத பனி. எங்கோ தண்ணீர் சொட்டும் சத்தம். டொக்... டொக்... புதிதாக உடைத்த கருங்கல்லில் ஒரு வாசனை வருமே, அது.

ஏழு வயதுப் பெண் ஒளிந்துகொள்ளப் போய் வெகுநேரம் ஆகிவிட்டது.

பைண்டர் என்றால், நம் நண்பனுடைய மச்சான். அச்சகத்தில் புத்தகம் கட்டுகிறவர். தாளை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து ஒரு தேய்ப்பு தேய்த்தால் அதன் கனத்தைச் சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட கை. இன்றைக்கும் அதே அச்சகம், அதே வீடு, அதே நாய். மாறியது ஒன்றே ஒன்றுதான். நாய்க்கு எதைக் கொடுத்தாலும் இடது கையால் கொடுக்கிறார். பிறவியில் அவர் இடது கைக்காரர் இல்லை. ஏன் என்பது கடைசியில்...

நாய், தொங்கு காது வேட்டை இனம். தாடைக்குக் கீழே தொங்கும் காதுகளையும், உலகத்து வழக்கையெல்லாம் கேட்டுச் சலித்துப்போன மூஞ்சியையும் பார்த்துப் பைண்டரின் வீட்டுக்காரம்மா வைத்த பெயர், ஜட்ஜ். அந்த இனத்தை வீட்டில் வைத்துக் காப்பாற்றுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. காதை அடிக்கடி புரட்டிப் பஞ்சால் துடைக்க வேண்டும். மறந்தால் புளித்த மாவு நாற்றம் வீட்டையே தூக்கும். தனியாக விட்டால் குரைக்காது, ஊளையிடும். பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். மூக்குக்கு வேலை கொடுக்காவிட்டால் பல்லுக்கு வேலை கொடுத்துக்கொள்ளும். செருப்பு, தலையணை, சோபா... ஒன்றும் மிஞ்சாது.

அதற்காகத்தான் இந்த ஒளிந்து பிடிக்கும் விளையாட்டு. பழக்கியவர் வீட்டுக்காரம்மா. ஆஸ்பத்திரியில் நர்ஸ், பொறுமைசாலி. கழுத்துப் பட்டையில் கயிறு மாட்டினால் சும்மா நடை. மார்புப் பட்டை மாட்டினால் வேலை. "பாப்பா எங்கே?" என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். ஜட்ஜ் மூக்கைத் தரையில் போட்டு, பாப்பாவின் வாசனையைப் பிடித்துக்கொண்டே போய், அவள் காலடியில் உட்கார வேண்டும். உட்கார்ந்த அதே நொடியில் ஒரு துண்டு காய்ந்த ஈரல். உட்காரவில்லையா, ஈரல் கிடையாது.

ஒளிவது பூங்காவுக்குள் மட்டும்தான் என்று அவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதைவிடக் கண்டிப்பாகச் சொன்னது வேறொன்று. "வாசனை பிடிச்ச நாயைப் பாதில இழுக்காதீங்க. உங்க கண்ணுக்குத் தெரியாதது அது மூக்குக்குத் தெரியும். அது போற பக்கம் நீங்க போங்க."

பைண்டர் மார்புப் பட்டை மாட்டினால் மட்டும் ஜட்ஜ் பாதி வழியில் படுத்துவிடும். "நீங்க எங்க நாயைப் பழக்குனீங்க... நாய்தான் உங்களைப் பழக்கி வெச்சிருக்கு" என்று வீட்டுக்காரம்மா சிரிப்பார். மகளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். அந்தக் கடுப்பு உள்ளே கிடந்தது. மனைவிக்கு இரவு டியூட்டி விழுந்த அன்று, பூங்காவை விட்டுவிட்டுக் குவாரிச் சாலைக்கு வந்துவிட்டார். பெரிதாக ஒன்று செய்து காட்டவேண்டுமே.

"நூறு வரைக்கும் எண்ணணும்ப்பா. ஏமாத்தக் கூடாது."

சிவப்பு ஸ்வெட்டர் பனிக்குள் போனது. மறைந்தது.

இப்போது ஜட்ஜ், வேலியில் இருந்த ஓட்டைக்குள் இழுக்கிறது. அந்தப் பக்கம் குவாரி. அடியில் தேங்கிய தண்ணீர். ஆழம் எவருக்கும் தெரியாது.

யாரோ பார்ப்பது போல் முதுகில் ஓர் உறுத்தல். திரும்பினார்.

சாலையின் எதிர்ப்பக்கம். மரத்தடியில். சிவப்பு ஸ்வெட்டர்.

போன உயிர் திரும்பி வந்தது. "அடிக் கழுதை... அப்பாவைக் கொன்னுட்டியேடி."

பிள்ளை ஓடி வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள். முடியெல்லாம் ஈரம். "குளிருதுப்பா" என்றாள்.

ஜட்ஜ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேலியிலேயே குறியாக இருந்தது.

"டேய், பாப்பா இங்க நிக்கிறாடா. மூக்கா அது, இல்ல முகத்துக்கு அழகா?" என்று அதட்டி, மார்புப் பட்டையைக் கழற்றினார். கழுத்துப் பட்டையில் கயிற்றை மாட்டித் தரதரவென்று இழுத்து வந்தார். வழி நெடுக ஊளை. இடது கையில் கயிறு, வலது கையில் பிள்ளையின் கை. ஐஸ் மாதிரி இருந்தது. கயிறு அறுத்து எரிந்த உள்ளங்கைக்கு அந்தச் சில்லிப்பு... இதமாகக்கூட இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலியில் போட்டு, கட்டிலில் படுக்க வைத்து, இரண்டு போர்வை போர்த்தினார். பால் வேண்டுமா? இல்லையென்று தலையை ஆட்டினாள். டிவி? வேண்டாம். வாயை மூடாத பிள்ளை. பயந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

ஒன்று மட்டும் அவருக்கு இடித்தது. ஜட்ஜ் எதையும் முகராமல் விடாது. மீட்டர் பார்க்க வருகிறவரின் கால்சட்டைப் பையைக்கூட விடாது. கட்டிலுக்கு வெளியே பிள்ளையின் கை தொங்கிக்கொண்டிருந்தது. ஜட்ஜ் அதை உரசிக்கொண்டே கடந்து போனது. உறுமவில்லை. வாலை இடுக்கவில்லை. முகரவும் இல்லை. அங்கே எதுவுமே இல்லாதது போல்... போய், வாசல் கதவைப் பார்த்துப் படுத்துக்கொண்டது.

அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்திவிடுங்கள். ஆம், கொக்கியையும்.

வீட்டுக்காரம்மா டியூட்டி முடிந்து வந்தபோது வெயில் ஏறவில்லை. செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே நாயைப் பார்த்துவிட்டார்.

"இது ஏன் இப்படிப் படுத்திருக்கு?"

"குளிரு."

"சாப்பிட்டுச்சா?"

"வேணாமாம்."

"யாரு, ஜட்ஜா? நம்ம சோபாவையே சாப்பிட்ட ஆளு." குனிந்து நாயின் கண்ணைப் பார்த்தார். "வேலையைப் பாதில விட்ட மாதிரி இருக்கே. காலைல விளையாடுனீங்களா?"

"ம்."

"பூங்காவுலதானே?"

"பின்னே எங்க?"

"கண்டுபிடிச்சுதா? பாப்பா பக்கத்துல உக்காந்துச்சா?"

ஒரே ஒரு நொடிதான். பைண்டர் சொன்னார். "உக்காந்துச்சு."

வீட்டுக்காரம்மா உள்ளே போய்க் கட்டிலில் அமர்ந்தார். "என்னடி தங்கம்?" நெற்றியில் கை வைத்தார். பிறகு பிள்ளையின் மணிக்கட்டை எடுத்தார். மூன்று விரல் வைத்தார். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். மணிக்கட்டைத் திரும்பவும் போர்வைக்குள் வைத்தார், முட்டையை வைப்பது போல. முகத்தில் ஒன்றும் இல்லை. நர்ஸ்களுக்கு அப்படியொரு முகம் உண்டு.

வெளியே வந்தவர், ஆணியில் தொங்கிய கணவரின் சட்டைப் பையில் கைவிட்டார். ஈரல் துண்டு. முழுசாக இருந்தது.

அதைக் காட்டினார். பைண்டர் வாயைத் திறந்தார். வேண்டாம் என்று கண்ணாலேயே சொல்லி, வீட்டுக்காரம்மா அவரைச் சமையலறைக்குள் இழுத்துப் போனார்.

"எந்தப் பக்கம் இழுத்துச்சு?" குரல் காற்றாகத்தான் வந்தது.

"...குவாரி."

கண்ணை மூடித் திறந்தார். திட்டவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் பைண்டருக்குத் தைரியம் வந்திருக்கும்.

பிறகு படுக்கையறைக்குக் கேட்கிற மாதிரி, சத்தமாகவே சொன்னார். "ஜட்ஜுக்குக் காது நாறுதுங்க. டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடறேன். நீங்க பாப்பா பக்கத்துலயே உக்காருங்க. கையைப் பிடிச்சுக்கோங்க. நான் போன் பண்ற வரைக்கும் விடாதீங்க. என்ன?"

அழுக்குத் துணிக் கூடையிலிருந்து பாப்பாவின் பள்ளிக்கூடச் சாக்ஸ் ஒன்றை எடுத்துக்கொண்டார். ஜட்ஜுக்கு மார்புப் பட்டையை மாட்டினார். டாக்டர் வீட்டுக்கு எதற்கு மார்புப் பட்டை? கதவு சாத்திய பிறகுதான் பைண்டருக்கு அது உறைத்தது.

உட்கார்ந்தார். வலது கைக்குள் சின்னக் கை.

பிள்ளை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்காலியில் ஸ்வெட்டர் சொட்டியது. டொக்... டொக்... காலையில் போட்டது. தரையில் குட்டை கட்டி, குட்டை கட்டிலை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. இன்னும் சொட்டுகிறது. அறை முழுக்க உடைத்த கல்லின் வாசனை.

கை சூடேறவே இல்லை. தேய்த்துவிட்டார். அப்போதுதான் விரல் எதையோ தேடியது. பாப்பாவின் உள்ளங்கையில் ஒரு தழும்பு உண்டு. ஜட்ஜ் குட்டியாக இருந்தபோது, ஈரலோடு சேர்த்துக் கடித்துவிட்ட தழும்பு. கட்டைவிரலுக்குக் கீழே, மேடாக இருக்கும். கட்டைவிரலால் தடவினார். மேலே... கீழே... புதுத் தாள் மாதிரி வழவழவென்றிருந்தது.

மற்ற கையில் இருக்கும் என்று சொல்லிக்கொண்டார். மற்ற கையில்தான்.

போன் அடித்தது. இடது கையால் எடுத்தார். முதலில் கேட்டது அழுகை. ஒரு குழந்தையின், தொண்டை கிழியும் அழுகை. நடுவில் ஜட்ஜின் குரைப்பு.

"என்னங்க, அவ கிடைச்சுட்டா." வீட்டுக்காரம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "குவாரிக்குள்ள பழைய பம்ப் ரூம். ஒளியப் போனவ, கதவு இறுகி மாட்டிக்கிட்டா. ஜட்ஜு நேரா போய் கதவு முன்னாடி உக்காந்துச்சு. நடுங்குறா, வேற ஒண்ணும் இல்லை."

"யாரு?" என்றார் பைண்டர்.

"நம்ம பாப்பா."

பைண்டரின் பார்வை நாற்காலியில் சொட்டும் ஸ்வெட்டருக்குப் போனது.

"மேல ஸ்வெட்டர் இல்லை. ஜன்னல் வழியா ஒரு பொண்ணு குளிருதுன்னு கேட்டுச்சாம். பாவமா இருந்துச்சாம். கழட்டிக் குடுத்தாளாம்..." குரல் தாழ்ந்தது. "காலைல நாடி பார்த்தேன். இல்லை. உங்ககிட்ட சொல்லியிருந்தா எழுந்து ஓடி வந்திருப்பீங்க. அதுவும் கூடவே வந்திருக்கும். பாப்பா கிடைக்கிற வரைக்கும் அது அங்கயே இருக்கட்டும்னுதான்... போதுங்க. இப்ப கையை விட்டுட்டு வெளியே வாங்க. முகத்தைப் பாக்காதீங்க."

பைண்டர் முகத்தைப் பார்க்கவில்லை. விரல்களைத் திறந்தார். ஒவ்வொன்றாக. ஐந்தையும் திறந்துவிட்டார். கை விரிந்துவிட்டது.

பிடி மட்டும் விடவில்லை.

"குளிருதுப்பா..."

எப்படி உருவிக்கொண்டு தெருவுக்கு வந்தார் என்று அவருக்கே தெரியாது. அக்கம்பக்கத்தார் உள்ளே போய்ப் பார்த்தார்கள். இரண்டு போர்வையும் சுருக்கம் இல்லாமல் கிடந்தன. நாற்காலியில் ஸ்வெட்டர் இல்லை. தரையில் தண்ணீர் மட்டும். அந்தக் குவாரியில் எந்தப் பிள்ளையும் விழுந்ததாக எவரும் கேள்விப்பட்டதில்லை. இன்றுவரை.

சாயந்தரம் பாப்பா சூடாகக் கஞ்சி குடித்துவிட்டு, அம்மா மடியில் சாய்ந்து, வழக்கம்போல் வாயாடிக்கொண்டிருந்தாள். பைண்டருக்கு நாயின் முகத்தைப் பார்க்கவே வெட்கம். இருப்பதிலேயே பெரிய ஈரல் துண்டாக எடுத்து, வலது உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

"சாப்பிடுடா ஜட்ஜு. உன் பேச்சைத்தான் கேட்டிருக்கணும்."

ஜட்ஜ் வந்தது. அவர் முழங்காலை முகர்ந்தது. பாதத்தை முகர்ந்தது. இடது கையை முகர்ந்து நக்கியது. வலது கைக்கு நேராக மூக்கு வந்தது... அப்படியே கடந்து போனது. ஈரல் மூக்குக்கு ஒட்டினாற்போல் இருந்தது. நாய் அறையைச் சுற்றிச் சுற்றித் தேடியது.

துண்டை இடது கைக்கு மாற்றினார். லபக்கென்று விழுங்கியது.

வீட்டுக்காரம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். பாப்பாவை மடியிலிருந்து மெல்ல இறக்கி வைத்தார். எழுந்து வந்து, கணவரின் வலது மணிக்கட்டை எடுத்தார். மூன்று விரல் வைத்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

வெகுநேரம் பார்த்தார்.

பிறகு அந்தக் கையை அவர் மடியிலேயே திரும்ப வைத்துவிட்டார்.