தட்டிவிட்டு வந்த வீடு

— நாளைக்கு வேனை வேற யாராவது ஓட்டட்டும் ஆயரையா. சாவி இந்தா, மேசை மேல வச்சாச்சு.

— எடுத்து சட்டைப் பையில போடுங்கண்ணே. நாளைக்கு அட்வெந்து நாலாம் ஞாயிறு, கிறிஸ்துமஸுக்கு முந்தின கடைசி ஞாயிறு. பாருங்க, இல்லாதவங்க வீட்டுக்குக் கொடுக்கற பை சுவர் மறையற அளவுக்குக் கட்டி அடுக்கியிருக்கு. நீங்க வரலைன்னா நான் என்ன, தலையில தூக்கிட்டா போவேன்?

— போங்களேன். தலையில தூக்கிட்டுப் போறவன் நடந்து போவான். நடந்து போறவன் நாலு பேர் மூஞ்சியைப் பாப்பான். நான் பாக்கலியே.

— அண்ணே...

— சொல்றேன் கேளுங்க. ரிட்டயர் ஆகற வரைக்கும் பஸ் ஓட்டினவன் நான். ஏறறவன், இறங்கறவன், அத்தனை பேர் மூஞ்சியையும் கண்ணாடியில பாத்துப் பாத்து ஓட்டினவன். கடைசி ஆள் படியில காலை வச்சிட்டானான்னு பாக்காம வண்டியை நகத்தினதே இல்ல. நம்ம கோயில் வேனுக்கு வந்தப்புறம்தான், கதவைத் தட்டு, பையை வை, திரும்பிப் பாக்காம ஓடுன்னு ஆயிப்போச்சு.

— ஓடுன்னு யாரும் சொல்லலண்ணே. வாங்கறவங்க முகம் சிறுத்துப் போயிடக்கூடாதுன்னு சபை வச்ச வழக்கம் அது. யாரு கொடுத்தாங்கன்னு அவங்களுக்குத் தெரிய வேண்டாம், கதவைத் திறந்து கைநீட்டி வாங்கற சங்கடமும் அவங்களுக்கு வேண்டாம். நல்ல மனசோடதான் ஆரம்பிச்சோம்.

— யாரு இல்லைன்னா? எனக்கே பிடிச்ச வழக்கம்தான். சின்னப்பசங்க காலிங் பெல்லை அமுக்கிட்டு ஓடுமே, அப்படி ஒரு குஷி. வீட்டுக்குப் போய் சம்சாரத்துகிட்ட பெருமை வேற. "இன்னிக்கும் ஒருத்தர் கண்ணுலயும் படலடி"ன்னு. இந்த வயசுல இது தேவையா எனக்கு?

— முதல்ல உக்காருங்க. அந்த ரொட்டிப் பெட்டியை அப்படித் தள்ளிட்டு உக்காருங்க. காலையிலேருந்து நின்னுட்டே இருக்கீங்க.

— உக்கார முடியல. ஆர்கன் வாத்தியார் பொண்ணு எப்ப வருது?

— ரயில்லேருந்து இறங்கியாச்சாம். டாக்சியில வந்துட்டிருக்கு. நேரா இங்கதான் வருது. அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போய் வாத்தியார் உடலை எடுத்துட்டு வரணும். சாயங்காலம் அடக்கம்.

— அடக்கத்துக்கு ஆர்கன் யாரு வாசிக்கறது?

— யாரும் இல்ல. வாத்தியார் கை நடுங்கி வாசிக்கறதை விட்டதுலேருந்து அது மூடித்தானே கிடக்கு. வெறும் குரல்லயே பாடிட வேண்டியதுதான்.

— எத்தனை வீட்டுச் சாவுக்கு வாசிச்ச மனுஷன். சரி, பொண்ணு வரட்டும். வந்ததும் சொல்லிடறேன்.

— என்னத்தைச் சொல்வீங்க?

— போன ஞாயித்துக்கிழமை உங்க அப்பா வீட்டுக் கதவைத் தட்டினவன் நான்தாம்மா, உள்ளேருந்து குரல் கேட்டுச்சு, கேட்டும் இறங்கி வந்துட்டேன்னு சொல்வேன்.

— குரல் கேட்டுச்சா? செவ்வாய்க்கிழமை அவரைக் கண்டுபிடிச்சப்ப இதைச் சொல்லலியேண்ணே நீங்க!

— செவ்வாய்க்கிழமை எங்க சொல்றது? அவருக்கு வாடகைக்கு விட்ட வீட்டுக்காரம்மா ஒரு பக்கம் அழறாங்க, போலீஸ்காரர் ஒரு பக்கம் எழுதிட்டிருக்கார், மாடிப்படி முழுக்க ஜனம்.

— என்ன கேட்டுச்சு உங்களுக்கு?

— "இருங்க, வந்துட்டேன்"னாரு. நாற்காலி பின்னால தள்ளுற சத்தம். நான் அதுக்குள்ள பாதிப் படி இறங்கிட்டேன். ஒரு நிமிஷம் நின்னேன் ஐயா, நிஜமா நின்னேன். நின்னா மேலேருந்து எட்டிப் பாத்துடுவாரேன்னு திரும்பவும் தடதடன்னு இறங்கி, வேனை எடுத்துட்டேன். சிரிச்சுக்கிட்டே எடுத்தேன். அதுதான் தாங்கல எனக்கு. சிரிச்சுக்கிட்டே.

— அப்புறம் ஏதாவது சத்தம்...

— விழுந்த சத்தமா? கேக்கல. அந்த வேன் போடற இரைச்சல்ல என்ன கேக்கும்? ரெண்டு நாள் கழிச்சு வீட்டுக்காரம்மா வந்து பாத்தா பை வெளியவே கிடக்கு. சீனிப் பொட்டலத்துல எறும்பு. கதவைத் தள்ளினா திறக்கல. திறக்க விடாம கிடந்தது அவரு.

— எங்க கிடந்தாருன்னு நான் பொண்ணுகிட்ட போன்ல சொல்லலண்ணே. வீட்டுக்குள்ளதான்னு மட்டும் சொன்னேன்.

— அவர் என்ன எனக்கு யாரோவா? பாட்டு நடக்கும்போது ஆர்கனுக்கு மேல தலையைத் தூக்கி என்னை முறைப்பாரே. "டிரைவரே, நீங்க வாயை மட்டும் அசைச்சாப் போதும், ஹாரனெல்லாம் வேண்டாம்"பாரு. ரெண்டு பேரும் கோயில் வாசல்ல நின்னு அதுக்கே அரைமணி நேரம் சண்டை போடுவோம். கோயிலுக்கு வர்றதை நிறுத்தினப்புறம், ஒருநாள் போய்ப் பாக்கணும், பாக்கணும்னு நெனச்சிட்டே இருந்தேன். அப்பத்தான் நீங்க வந்து, "இந்த ஞாயிறு வாத்தியார் வீட்டையும் சேத்துக்கங்க"ன்னீங்க. அதோட போச்சு.

— ஏன், அதுக்கப்புறமும் போயிருக்கலாமே.

— எப்படிப் போறது? பை கொண்டு போறவன் சிநேகிதனாவும் போக முடியுமா? அவர் வீட்டுல இல்லாமைன்னு எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிஞ்சிடாது? ரோஷக்காரர் ஐயா. அன்னியோட என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டாரு. அதான் தட்டிட்டு வந்துட்டேன். மரியாதை பண்றேன்னு நெனச்சுக்கிட்டேன்.

— உங்களையே சொல்லிட்டிருக்கீங்களே, சேக்கச் சொன்னது யாரு? வீட்டுக்காரம்மா என்கிட்ட வந்து, "வாத்தியார் வீட்டுல அடுப்பு எரியற மாதிரியே தெரியல, கொஞ்சம் பாருங்க ஐயா"ன்னாங்க. ஒரு ஆயர் என்ன செஞ்சிருக்கணும்? செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பியிருக்கணும். ரெண்டு தெரு தள்ளித்தான் வீடு. எனக்கு அன்னிக்குப் பாட்டு ஒத்திகை, பிள்ளைங்க நாடகம், பிரசங்கம் வேற எழுதல. ஒரு பை கூடுதலாக் கட்டச் சொன்னேன். உடனே மனசு லேசாயிடுச்சு. பாருங்கண்ணே, அது எவ்வளவு சீக்கிரம் லேசாச்சுன்னு நெனச்சாத்தான் எனக்கு பயமா இருக்கு.

— டாக்டர் என்ன சொன்னாரு?

— கஷ்டப்படல, உடனே உயிர் போயிடுச்சுன்னாரு.

— ஆயரையா, எழுதி வச்சதைப் பாத்துப் படிக்கும்போதே உங்களுக்கு வேர்த்துக் கொட்டும். பொய்யெல்லாம் உங்களுக்கு வராது.

— ...மூளையில ரத்தக்குழாய் வெடிச்சிருக்கு. விடியற வரைக்கும்கூட உயிர் இருந்திருக்கலாம்னாரு.

— இருந்திருக்கலாம்னா?

— இருந்திருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாதுன்னாரு.

— கதவுக்கு அந்தப் பக்கம் அவரு.

— ஆமா.

— இந்தப் பக்கம் ரொட்டி, சீனி, தேயிலை. ஊதா ரிப்பன் கட்டின மெழுகுவத்தி. அப்புறம் அந்த வாழ்த்து அட்டை. "ஆண்டவர் வருகிறார்"னு எழுத்து மினுமினுன்னு...

— போதும்ணே.

— அதனாலதான் சொல்றேன், அந்தப் பொண்ணுகிட்ட சொல்லியே ஆகணும்.

— ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. சொல்றது அந்தப் பொண்ணுக்காகவா, உங்களுக்காகவா? நீங்க சொல்லி, அழுதுட்டு, பாரத்தை இறக்கிட்டு வீட்டுக்குப் போயிடுவீங்க. அது திரும்ப ரயில் ஏறிப் போய், வாழ்நாள் முழுக்க அந்தக் கதவையே நெனச்சிட்டுக் கிடக்கும்.

— சரி, மறைக்கச் சொல்றீங்களே, அது யாருக்காக? சபைக்காகத்தானே? நாளைக்கு நாலாவது மெழுகுவத்தி ஏத்தற நேரத்துல முன்வரிசைக்காரங்க முகம் தொங்கிடும். நம்ம வழக்கத்துனால ஒரு ஆளு போயிடுச்சான்னு பேச்சு வரும். அடுத்த வருஷம் ஒரு பை கட்ட ஆள் வராது. அதானே?

— அடிச்சீங்க.

— ஐயா, கோவத்துல ஏதோ...

— இல்ல, சரியாத்தான் சொன்னீங்க. அதுவும் இருக்கு. நேத்து பெண்கள் சங்கத்து அம்மாங்க வந்து இந்த அறையிலதான் உக்காந்து பை கட்டினாங்க. "வாத்தியாருக்கு நம்மால ஆனதைச் செஞ்சோமே ஐயா, அந்த வரைக்கும் நிம்மதி"ன்னாங்க. நான் தலையாட்டினேன். ஆமாம்மான்னு வாயாலயும் சொன்னேன்.

— நான் அது காலைப் பிடிச்சு அழப்போறேன்னு நெனச்சீங்களா? இல்ல. அது கேக்கும் ஐயா. அப்பாவைக் கடைசியா யாரு பாத்தாங்கன்னு கேக்கும். எந்தப் பிள்ளையும் கேக்கும். எங்க அப்பா போனப்ப நான் ஊர்ல இல்ல. வந்து இறங்கினதும் அதைத்தான் கேட்டேன். அப்படிக் கேட்டு நிக்கும்போது, நீங்க அந்தச் சுவரையும் நான் இந்தச் சுவரையும் பாத்துட்டு நிக்கறதா? அந்தப் பிள்ளையை நம்ம தூக்கி வளத்திருக்கோம். கோயில் பெஞ்சுக்கு அடியில தவழ்ந்த பிள்ளை.

— ...சரி.

— என்ன சரி?

— சொல்லுங்க. ஆனா விடியற வரைக்கும்ங்கறது வேண்டாம். தட்டினேன், குரல் கேட்டுச்சு, வந்துட்டேன். அவ்வளவு போதும். நான் பக்கத்துலயே நிக்கறேன். அனுப்பினது நான்னு நானும் சொல்லிடறேன். சொல்லிட்டு, அது என்ன திட்டினாலும் ரெண்டு பேரும் வாங்கிக்குவோம்.

— திட்டினாத் தேவலாம்.

— நாளைக்கு ஆராதனையிலயும் சொல்லிடறேன். இனிமே தட்டிட்டு நிக்கணும்னு சொல்றேன். வெக்கமோ கூச்சமோ, நின்னு மூஞ்சியைப் பாத்துட்டு வரணும்.

— வாசல்ல வண்டி நிக்குது. வந்துடுச்சு போல.

— தண்ணியைக் குடிங்க. ...வாம்மா, உள்ள வா. பாத்து, பை கால்ல தட்டிடப் போகுது.

— ஸ்தோத்திரம் ஐயா. ...பஸ் மாமாவா இது? அடையாளமே தெரியல. ரொம்ப இளைச்சுட்டீங்களே மாமா.

— வாம்மா. உக்காரு, இப்படி உக்காரு. உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்.

— நானும் ஒண்ணு கேக்கணும் மாமா. வழி முழுக்க அதையேதான் நெனச்சிட்டு வந்தேன். நான் முதல்ல கேட்டுடட்டுமா? விட்டா அழுதுடுவேன், அப்புறம் கேக்க வராது.

— கேளும்மா.

— போன ஞாயித்துக்கிழமை அப்பாகிட்ட போன்ல பேசிட்டிருந்தேன். அதே புலம்பல்தான். கை நடுங்கினதும் எல்லாரும் மறந்துட்டாங்க, கோயில்லேருந்து ஒருத்தர்கூட எட்டிப் பாக்கலைன்னாரு. எனக்கு வேலை அலுப்பு. "நீங்க மட்டும் யாரைப் போய்ப் பாத்தீங்க"ன்னு வெடுக்குன்னு கேட்டுட்டேன். சண்டையாயிடுச்சு. அந்த நேரத்துலதான் யாரோ கதவைத் தட்டினாங்க.

— கொஞ்சம் தண்ணி குடிக்கறியாம்மா?

— வேண்டாம் ஐயா, சொல்லிடறேன். தட்டின சத்தம் கேட்டதும் அப்பா குரலே மாறிடுச்சு. சின்னப்பிள்ளை மாதிரி. "பாத்தியா, நம்ம கோயில்லேருந்து ஆள் வந்திருக்காங்க, என்னை யாரும் மறக்கல"ன்னாரு. அப்புறம் பேசறேன்னு போனை வச்சிட்டாரு.

— அம்மாடி, நான் சொல்ல வந்தது என்னன்னா...

— இருங்க மாமா. ராத்திரி அவர் கூப்பிடல. நானும் கூப்பிடல. ஆள் வந்து பேசிட்டிருக்காங்க, மனுஷன் குளிர்ந்திருப்பாருன்னு நிம்மதியாத் தூங்கினேன். திங்கட்கிழமையும் அதே நெனப்புல விட்டுட்டேன். அந்த ஒண்ணு மட்டும் இல்லைன்னா என்னால இங்க வரைக்கும் வந்து சேந்திருக்கவே முடியாது.

— எந்த ஒண்ணும்மா?

— அப்பா என்கிட்ட சண்டை போட்டதோட போகலைங்கறது. எனக்கப்புறம் நம்ம கோயில் ஆள் ஒருத்தர் அவர் பக்கத்துல உக்காந்து பேசியிருக்காங்க. அது யாருன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும் மாமா, சொல்லுங்க. கடைசியா அப்பா என்ன பேசினாருன்னு அவங்க வாயால கேட்டுட்டு, அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போறேன்.