பத்துக்கு ஆறு

இல்லீங்க, கோச்சிக்காதீங்க. உங்க பையன் காலேஜ் பாஸ்கெட்பால் டீம்ல ஆடறான், சந்தோசம். ஆனா ப்ரீ த்ரோவுல தப்ப வுடவே மாட்டான்னு சொல்றீங்க பாருங்க, அது மட்டும் வாணாம். பெத்தவங்க கண்ணுக்கு உள்ள போன பந்துதான் தெரியும். பத்துக்கு ஆறு. காலேஜ் பசங்க யாரா இருந்தாலும் அதான் கணக்கு. நல்ல கையா இருந்தா ஏழு.

எப்படித் தெரியுமா? எண்ணியிருக்கேனே! எனக்கு ஆட வராது. அஞ்சேகால் அடி ஆளு, கண்ணாடி வேற. எங்க காலேஜ் டீமுக்கு ஸ்கோர் எழுதிக்கினு இருந்தவன். கிருபானந்தம்னா ஒருத்தனுக்கும் தெரியாது, பென்சிலுன்னாதான் தெரியும்.

ஆங், அதேதான். எதிராளி ஃபவுல் பண்ணிட்டா கோட்டாண்ட நிக்க வச்சி ரெண்டு பந்து குடுப்பாங்களே, அது. யாரும் தடுக்கக் கூடாது. சுலபம்னுதான் எல்லாரும் நெனைக்கறாங்க. ஒரு தபா நின்னு பாருங்க. அதுவரைக்கும் கூட ஓடிக்கினு இருந்த ஒம்பது பேரும் ஒதுங்கிடுவாங்க. சொந்த டீம் ஆளு கூட கிட்ட வர மாட்டான்.

பஸ்ஸு நின்ன எடமா, வடமாலபேட்டை. இன்னும் நேரம் கீது. ரொம்பப் பேசறேனா? ஆபீஸ்ல ஃபைலத் தவிர வேற பேச்சு இல்லீங்க. ரூமுக்கு வந்தா ஆக்கறது, துன்றது, படுத்துக்கறது. யாராச்சும் பந்துன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், வுட மாட்டேன்.

கோவர்த்தனன்னு ஒருத்தன். திருத்தணிக்கு அண்டையில ஊரு, கரும்பு போடற குடும்பம். ஹாஸ்டல்ல என் ரூம்தான். தெனம் சாயங்காலம் நூறு ப்ரீ த்ரோ போடுவான், நான் எழுதுவேன். உள்ள போனா கோடு, வெளிய போனா சுழி. ரெண்டு வருசம் எழுதினேன். எனக்கு வேற சிநேகிதமே கெடையாது சார். அவன் சாப்புட வந்தாதான் நானும் மெஸ்ஸுக்குப் போவேன்.

அவனுக்கு ப்ரீ த்ரோ தப்பவே தப்பாதுன்னு காலேஜே சொல்லும். மேட்ச் ஜெயிச்ச பந்த மட்டும் ஞாபகம் வச்சிக்கறாங்க இல்ல? என் நோட்டுல நூத்துக்கு அறுவத்திரெண்டு. அவனுக்கே சிரிப்பு வரும். டேய் பென்சிலு, வெளிய சொல்லாதடா, மானம் போயிடும்பான்.

அறுவதாம் வருசம், பிப்ரவரி. அதுவரைக்கும் ஆந்திராவுல இருந்த திருத்தணி மெட்ராஸோட போறது முடிவாயிடிச்சி, ஏப்ரல்ல கைமாறணும். எங்க ஊரு புத்தூரும் காலேஜும் ஆந்திராவுலயே நின்னுடிச்சி. அந்த நேரம் பாத்து மெட்ராஸ் பக்கத்துலேருந்து ஒரு டீம் எங்க கிரவுண்டுக்கு ஆட வந்துச்சி. கடைசி நிமிசத்துல எங்களுக்கு ஒரு பாயிண்ட் கம்மி. கோவர்த்தனனுக்கு ரெண்டு பந்து. மொதப் பந்து ரிங்குல பட்டு வெளிய. ரெண்டாவது பலகையில கூடப் படல.

அம்முடு போயாடு ரா-ன்னு ஒருத்தன் தெலுங்குல கத்தினான். வெலை போயிட்டான்னு. இவன் ஊரு அந்தப் பக்கம் போவுது, அதான் வேணும்னே வுட்டுக்குடுத்தான்னு. தப்பாதவன் ரெண்டையும் எப்படித் தப்ப விடுவான், சொல்லுங்க? அதான் எல்லாரும் கேட்டாங்க. அவன் பெட்டியத் தூக்கி வராண்டாவுல போட்டுட்டாங்க.

நீங்களும் அதையே கேக்கறீங்க பாத்தீங்களா! இல்ல சார். இந்தாங்க, அதே நோட்டு. எந்தப் பக்கம் வேணா திருப்புங்க. நூறு பந்துன்னா அம்பது ஜோடி. அதுல ஏழெட்டு ஜோடி, ரெண்டுமே சுழி. எண்ணிப் பாருங்க. யாரும் பாக்காத சாயங்காலத்துலயும் அவன் இப்படித்தான் வுட்டுக்கினு இருந்தான். அன்னிக்கு நானூறு பேரு பாத்துட்டாங்க.

காட்டினேனாவா?

மறுநாள் பிரின்சிபால் எங்க ரெண்டு பேரையும் கூப்புட்டாரு. நல்ல மனுசன். லெக்க ராஸ்தாவட கதா நுவ்வு, கணக்கு எழுதுவியாமே, கொண்டா பாக்கலாம்னாரு. காட்டியிருந்தா அங்கியே முடிஞ்சிருக்கும். ஜன்னலாண்ட பசங்க நின்னுக்கினு இருந்தாங்க. நானும் தமிழ்ப் பையன். மிஷன் தயவுல படிக்கறவன். எங்க போறது நானு? லேது சார்னேன். எழுதறதில்லன்னுட்டேன்.

கோவர்த்தனன் என் பக்கத்துலதான் நின்னான். நோட்டு என் டிரங்கு பெட்டியில கீதுன்னு அவனுக்குத் தெரியாதா? என்னப் பாத்தான். ஜன்னலப் பாத்தான். ஆமா சார், அவன் எழுதறதெல்லாம் இல்லன்னான்.

பரீட்சைக்கு ஒரு மாசம் இருக்கச்சொல்ல ஊருக்குப் போயிட்டான். டிகிரி இல்ல. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட நான் போவல.

நகரி வந்துடிச்சி. அந்த நோட்டக் குடுங்க சார். டிக்கெட்டா? ஆமா, திருத்தணிக்குத்தான் எடுத்தேன். மூணு வருசமா ஞாயித்துக்கெழம ஆச்சின்னா திருத்தணிக்குத்தான் எடுக்கறேன். ஒவ்வொரு தபாவும் அதுக்கு முன்னாடி இங்கியே எறங்கிடுவேன். கொஞ்சம் கால நவத்துங்க.