கன்ட்ரோல் தொட்டிகள் சாவதில்லை

உத்திராபதி: இந்தக் காலேஜ் செடிக் கொட்டாயில கன்ட்ரோல் தொட்டி சாகாது, பாப்பா. பதினோரு வருஷமா தண்ணி ஊத்துறேன்... ஒண்ணுகூடச் செத்ததில்ல. எப்படின்னு யாரும் கேட்டதும் இல்ல.

ஜெர்லின்: கேக்கக் கூடாதுன்னு எழுதி ஒட்டியிருக்கா, அண்ணே?

உத்திராபதி: எழுதுனாத்தானா? உங்க சாரே கேட்டதில்ல.

ஜெர்லின்: அதுவும் சரிதான். ஊமத்தங்கொட்டைச் சாறு ஊத்துன இருபது தொட்டியும் கருகிக் கெடக்கு. ஒப்பிட்டுப் பாக்க வெறும் தண்ணி ஊத்துன கன்ட்ரோல் அஞ்சு மட்டும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிக்குது. ஒத்தச் செடியில அறுபத்திரண்டு காய்... சோயா இந்த ஊர்ல இப்படிக் காய்க்குமா?

உத்திராபதி: காய்ச்சிருக்குல்ல. பத்து மணிக்குப் பரீட்சை வைக்க வர்ற அம்மாகிட்ட அதக் காட்டு. பட்டத்த வாங்கு. வேலைக்குப் போ.

ஜெர்லின்: அடுத்த வாரம் சர்டிபிகேட் பாக்குறாங்க. பட்டம் இல்லாம வந்தா அடுத்த ஆளக் கூப்புட்டுருவாங்களாம்.

உத்திராபதி: அப்புறம் என்ன பேச்சு?

ஜெர்லின்: ஒங்க மூஞ்சிதான் சரியில்ல. வீட்டுல சண்டையா?

உத்திராபதி: எங்க மச்சான்... விழிதியூர்ல, அக்கா வீட்டுக்காரரு, தியாகராசன். நேத்துப் போய்ப் பாத்துட்டு வந்தேன்.

ஜெர்லின்: ஒடம்பு முடியலையா?

உத்திராபதி: கண்ணு. ஊமத்தைய வேரோட புடுங்கிட்டு அதே கையால கண்ணக் கசக்கிட்டாரு. ரெண்டு நாளா எதிர்ல நிக்கிற ஆளுகூட மங்கலாத்தான் தெரியுது. டாக்டரு தானா சரியாயிடும்னுட்டாரு.

ஜெர்லின்: ஊமத்தைய எதுக்குப் புடுங்கினாரு?

உத்திராபதி: நம்ம நோட்டீஸப் பாத்துதான். போன வருஷம் கொடுத்தாங்கள்ல... ஊமத்தைய ஒழிச்சா சோயா செழிக்கும்னு. கன்ட்ரோல் தொட்டி படம் போட்டு. சம்பா அறுத்த கையோட உளுந்து தெளிக்கிற எடத்துல இந்த வருஷம் சோயாவப் போட்டுட்டாரு, மனுசன்.

ஜெர்லின்: வந்துச்சா?

உத்திராபதி: மொளச்சுது. அப்புறம் இலை ஓரமெல்லாம் காஞ்சு... நீதான் அங்க வேலை பாக்குற, என்ன கொறன்னு சொல்லுடான்னு போன வாரமே கேட்டாரு.

ஜெர்லின்: என்ன சொன்னீங்க?

உத்திராபதி: ஊமத்தை வேர் மிச்சம் இருக்கும், இன்னும் ஆழமா நோண்டுங்கன்னேன். நோண்டுனாரு. அப்பதான் கண்ணு.

ஜெர்லின்: அவருக்குப் போர் தண்ணிதானே? வாயில வச்சுப் பாத்தீங்களா?

உத்திராபதி: பாத்தேன்.

ஜெர்லின்: உப்புக் கரிச்சுதா?

உத்திராபதி: நம்ம கொட்டாய்த் தண்ணி மாதிரியே... போதும், பாப்பா. கார் சத்தம் கேக்குது. துப்பட்டாவச் சரி பண்ணு.

ஜெர்லின்: வணக்கம் மேடம். வாங்க.

சித்திக்கா: உங்க சார் வண்டிய நிறுத்திட்டு வர்றாங்க. நீங்கதான் ஜெர்லினா? ஆய்வேட்ட முழுசாப் படிச்சேன். ஒரே ஒரு சந்தேகம். சாறு ஒரு சதவீதம் ஊத்துனதும் பத்து சதவீதம் ஊத்துனதும் ஒரே மாதிரி கருகியிருக்கே. கம்மியா ஊத்துனது கொஞ்சமாவது தேறியிருக்கணும்ல?

ஜெர்லின்: ஆமா, மேடம்...

சித்திக்கா: இலை ஓரம் இப்படிக் காயுறது தண்ணியில உப்பு இருந்தாலும் வரும். ஆனா கன்ட்ரோல் இவ்வளவு நல்லா இருக்கு. இதுக்கும் அதே போர் தண்ணிதானே?

ஜெர்லின்: ...அதே தண்ணிதான், மேடம்.

சித்திக்கா: அப்ப தண்ணியக் குத்தம் சொல்ல முடியாது. ஊமத்தைதான். சரி, கையெழுத்துப் போட்டுடறேன். உங்க சார் நோட்டீஸ மறுபடியும் அச்சடிக்கப் போறாராம், இந்தத் தடவ குரும்பகரம் ஊருக்கும் சேத்து.

உத்திராபதி: அம்மா... பேனாவக் கொஞ்சம் நிறுத்துங்க.

சித்திக்கா: நீங்க?

உத்திராபதி: தண்ணி ஊத்துற ஆளுங்க. கன்ட்ரோல் அஞ்சும் செத்துப்போச்சுங்க. இது வேற செடி. தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி குடிதண்ணி ஊத்தி நான் தனியா வளத்தது. லேபிளப் பிரிச்சு இதுல ஒட்டுனேன். இந்த வருஷம் மட்டும் இல்ல, எல்லா வருஷமும்.

சித்திக்கா: யார் சொல்லிச் செஞ்சீங்க?

உத்திராபதி: யாரும் சொல்லலீங்க. செத்தது தெரிஞ்சா நான் தண்ணி ஊத்தலன்னுதான் சொல்லுவாங்க. மொத வருஷம் அந்தப் பயத்துல மாத்துனேன். யாரும் கேக்கல. அதுக்கப்புறம் பழகிப்போச்சு. இந்தப் பாப்பாவுக்கு எதுவும் தெரியாதுங்க. அதுக்கு மட்டும் பட்டத்தக் குடுத்துடுங்க.

சித்திக்கா: ஜெர்லின்... உங்களுக்குத் தெரியாதா?

ஜெர்லின்: தெரியும், மேடம். மொத வாரமே என் தொட்டி ஒவ்வொண்ணுக்கும் அடியில பச்சைப் பெயின்ட்ல புள்ளி வச்சேன். செத்த அஞ்சும் தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி கெடக்கு, புள்ளியோட. ரெண்டு மாசமா அதப் பாத்துட்டுத்தான் இங்க வந்து காய எண்ணி எழுதினேன்... இந்த அஞ்சையும் கவுத்துப் பாருங்க. ஒண்ணுலகூடப் புள்ளி இருக்காது.