மணிக்கு வந்த சாக்லேட்

பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிய வீடுகள் எங்கள் புதுச்சேரியில் நிறைந்திருந்த காலம். பசுவுக்கு மருந்து வாங்கக் கால்நடை மருத்துவமனை வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் குருசுக்குப்பத்து அம்மாள் ஒருவர் அழுதுகொண்டிருந்தார். அவர் மடியில் கிடந்த கறுப்பு நாயோ நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டிருந்தது. அருகில் அவருடைய நாத்தனார்.

“நாய்க்குப் போயி பிரான்சு சாக்லேட்டு குடுப்பாங்களா அண்ணி?”

“எம்புள்ளதாண்டி அனுப்புனான். ‘மணிக்கும் ஒரு பங்கு’ன்னு எழுதியிருந்தான். முழுசா ஒண்ண வெச்சேன். அது நாய்க்கு வெசம்னு, பட்டாளத்துலேருந்து வந்திருக்கற எதிர்வீட்டு சொல்தா சொல்லித்தான் தெரியும். லீவுல வர்றவன் மணி எங்கன்னு கேட்டா என்னா சொல்லுவேன்?”

“உப்புத்தண்ணி ஊத்திப் பாக்கலாமா?”

“ஊத்தாதீங்கம்மா, அது வேற கேடு,” என்றபடி வந்தார் கம்பவுண்டர். “எப்ப தின்னுச்சு? சுத்தியிருந்த தாளு இருக்கா?”

“ஒரு மணி நேரம் இருக்கும்.” இடுப்பிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தார்.

“நுவார்னு போட்டிருக்கு. கறுப்பு சாக்லேட்டு. பால் கலந்ததவிட இது மோசம். நல்லவேள, சீக்கிரமா வந்தீங்க.”

நாயை உள்ளே கொண்டுபோனார்கள். அந்த உயிருக்காகவும் கடவுளின் திருநாமத்தைச் சொல்லிக்கொண்டு கதவருகே நின்றேன். மருத்துவர் ஊசி போட்டார். தின்றதையெல்லாம் மணி கக்கிவிட்டது.

“பொழச்சிக்கும். சாயங்காலம் வரைக்கும் இங்கயே இருக்கட்டும்,” என்றார் கம்பவுண்டர்.

“இத புள்ளைக்கு எழுதுவியா அண்ணி?”

“எதுக்கு? மணிக்கு அதோட பங்க குடுத்துட்டேன்னு எழுதறேன். பொய்யில்லயே.”

“அடுத்த தபா ரெண்டா அனுப்புவான்!”

முந்தானையால் முதலில் நாயின் வாயையும் பிறகு தம் கண்ணையும் துடைத்துக்கொண்டார் அம்மாள்.

“அனுப்பட்டும். மணி பேரச் சொல்லி நான் தின்னுக்கறேன்.”