எங்கள் மரச்சீனி இலைக்குள் ஓர் இரட்டை உருண்டை

அவையை அணிசெய்யும் தலைவர் செல்லசாமி அவர்களே, உதியன்குளங்கரையில் இந்த வாசகசாலையை வளர்த்தெடுத்த பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாய் வந்திருக்கும் அன்னையரே, அனைவருக்கும் இந்த லிஷாவின் அன்பு கனிந்த வணக்கம்!

வைரஸைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கண்ணுக்கே எட்டாததைக் காண்பது எப்படி? ஒளியலையைவிடச் சிறியதை ஒளியால் காட்ட முடியுமா? முடியாது. ஆகவே எலெக்ட்ரான்களைப் பாய்ச்சுகிறோம். வைரஸ் மிதக்கும் நீர்த்துளியை நொடிக்குள் உறைய வைத்தால் அது கண்ணாடிபோல் ஆகிவிடும். வைரஸ் நின்றது நின்றபடி நிற்கும். பல்லாயிரம் படங்கள் எடுத்துக் கணினியில் சேர்த்தால் அதன் உட்கூடும் தெரிந்துவிடும்.

வெளியூரார் மரவள்ளி என்னும் நம் மரச்சீனியின் இலையைச் சுருட்டும் வைரஸை, நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் அப்படிப் பார்த்தேன். என்ன கண்டேன்? இடுப்பில் ஒட்டிப் பிறந்த இரண்டு உருண்டைகள்! உள்ளே வளையமாய் ஒற்றை இழை டிஎன்ஏ. ஏன் இந்த இரட்டை? எப்படி மடிந்தது அந்த இழை? கேள்வி வளர வளர எனக்குச் சோறும் இறங்கவில்லை.

பின்வரிசையில் ஓர் அக்கா கேட்கிறார், கிழங்கு தின்றால் நமக்கும் வருமா என்று. வராது அக்கா, மீன்கறியோடு தைரியமாகத் தின்னுங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத இலை ஒன்று வேண்டும். நான் படித்தது இயற்பியல், பயிர் அறியேன். எங்கள் விளையிலேயே, அப்பா மரச்சீனி நட்ட தோட்டத்திலேயே, பறித்துப் போனேன். மஞ்சள் திட்டு, ஓரச் சுருக்கம், எல்லாம் பிறந்தது முதல் பார்த்தவை. நாங்கள் நடும் மரச்சீனி இனத்தின் அழகே அதுதான் என்று இருந்துவிட்டேன். அந்த 'நல்ல' இலையிலும் இரட்டை உருண்டை! மாதிரி மாறிவிட்டது என்று கடிந்துகொண்டார் ஆய்வகத் தலைவர். திரும்பத் திரும்பச் செய்தேன், திரும்பத் திரும்ப அதுவேதான் வந்தது.

அப்படியென்றால் எங்கள் விளைக்கே நோய்; ஆய்வகத்தில் இருப்பே கொள்ளவில்லை எனக்கு. ஏன்? கிழங்கு பிடுங்கியதும் செடித்தண்டை வெட்டி, கேட்டவர்க்கெல்லாம் நடுவதற்குக் கம்பு கொடுப்பது நம் வழக்கம். முன்வரிசையில் இருக்கிறாரே என் அப்பா தேவகுமார், அவரிடம் கம்பு வாங்காத வீடு இங்கே குறைவு. முந்தைய பயிர் முழுதும் அழிந்துபோன பொன்னப்பன் மாமா மறுநாள் நடுவதற்கு எங்கள் கம்பையே நம்பியிருந்தார். ஓடி வந்தேன் வீட்டுக்கு.

"அது அந்த இனத்துக்க கொணமாக்கும் மக்கா" என்றார் அப்பா. படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தவர், உருண்டைக்குள்ளே என்ன உண்டு என்று கேட்டார். தன்னையே பெருக்கச் சொல்லிச் செடிக்கு இடும் கட்டளை என்றேன். அது கம்போடு விளை விட்டு விளை போகும் என்றேன். என்மேல் கோபப்பட்டார். பிறகு எழுந்தார். பொன்னப்பன் மாமாவின் முற்றத்தில் போய் நின்றார்.

"எனக்க கம்புல தீனம் உண்டு பொன்னப்பா. நடாத. இதுவர நான் ஊருக்கெல்லாம் குடுத்ததும் இதாக்கும்."

அவையோரே, எந்திரம் காட்டியதைக் காண எனக்குப் படிப்பு போதும். அதை ஊர்முகத்தில் ஒப்புக்கொள்ள எவ்வளவு பெரிய மனது வேண்டும்! மாமா இரண்டு வாரம் பிந்தி வேறிடத்து நல்ல கம்பு நட்டார். இன்று இலை பச்சென்று நிற்கிறது. அப்பாவோ தம் விளையில் நின்ற செடியையெல்லாம் பிடுங்கி எரித்துவிட்டார்.

இனி நீங்கள் கம்பு கேட்டு வருவீர்கள். வந்தவரை வெறுங்கையாய் அனுப்பி அறியாத என் அப்பா, இவ்வாண்டு இல்லை என்று சொல்லப் போகிறார். முகம் சுளிக்காதீர்கள். அவர் கொடுப்பவற்றிலேயே பெரியது அந்த 'இல்லை'தான். பொறுமையோடு கேட்ட உங்கள் நல்ல மனங்களுக்கு நன்றி கூறி, கைகூப்பி விடைபெறுகிறேன். வணக்கம்!