வேகமாகிவிட்ட கம்ப்யூட்டர்

அண்ணனூரில் மின்சார ரயில் ஏறியபோது எதிர் இருக்கையில் ஓர் அக்காவும் தம்பியும் வந்து உட்கார்ந்தார்கள். அக்காவின் மடியில் மடக்கிய வெள்ளைக் கோல் இருந்தது.

"என் கம்ப்யூட்டர் வாய அடைச்சுட்டு, வேகமாயிடுச்சுன்னு வேற சொல்ற," என்றாள் அவள். அதைக் கேட்டுத்தான் நிமிர்ந்தேன்.

"பழசுக்கா அது. அதுல போட்டிருக்கற லினக்ஸ்ல தேவையில்லாம பின்னால ஓடற சர்வீஸ நிறுத்துனா சீக்கிரம் ஓப்பன் ஆவும்னு நெட்ல ஒருத்தன் லிஸ்ட் போட்டிருந்தான். நேத்து நிறுத்துனேன்."

"ஸ்கிரீன்ல கீறத எனக்குப் படிச்சுச் சொல்ற குரலுமா தேவையில்லாதது?"

"அதுக்கு வேற இன்னாவோ பேரு போட்டிருந்துச்சுக்கா. நிறுத்திட்டு ஆன் பண்ணிப் பாத்தேன், எல்லாம் நல்லாதான் வந்துச்சு."

"நீ பாத்த. நான் எப்டிடா பாப்பேன்? இன்னிக்குக் காலைல பத்து மணிக்கு வேலைக்கு அந்தக் கம்ப்யூட்டர்லதான் டெஸ்ட்டு. அது ஊமையா கீது, நீ போன எடுக்கல. டைம் முடிஞ்சே போச்சு."

"லிஸ்ட் போட்டவன்..."

"அவனுக்கு என்னைத் தெரியாது. நீ ஒரே ஊட்ல கீற."

அம்பத்தூர் தாண்டும்வரை தம்பி வாய் திறக்கவில்லை.

"இன்னா, அந்தக் குரல் மாதிரி உன்னையும் நிறுத்திட்டாங்களா?"

"இப்ப போற டெஸ்ட்டு ஆபீஸ்ல தப்பு என்னுதுன்னு நானே சொல்றேன்க்கா. இன்னொரு வாட்டி டெஸ்ட்டு வைக்கச் சொல்லிக் கேக்கறேன்."

"நான் கேட்டுக்கறேன். நீ நடந்தத மட்டும் சொல்லு."

கொரட்டூரில் இறங்க எழுந்தார்கள். அவள் கையைப் பிடிக்கப் போனவன் நின்று, "பிடிக்கட்டுமாக்கா?" என்றான்.

"இந்தக் கேள்விய நேத்து கேட்டிருக்கணும்," என்று சொல்லிவிட்டு, அவளே அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.