உருவினால் வராத முனை

எங்கள் வீட்டில் முட்டை சேர்த்த கேக்கைக்கூட உள்ளே விடமாட்டோம், இன்ஸ்பெக்டர் சார். அப்படிப்பட்ட நான் மாட்டெலும்பு வாங்க மேலப்பாளையத்துக்குப் பஸ் ஏறினேன். கொல்லையில் காயவைத்திருந்த எலும்பைப் பார்த்துவிட்டு என் மனைவி பாகீரதி, "இந்தக் கண்றாவிக்கா எம்.ஏ. படிச்சேள்?" என்று கேட்டாள். அவளிடம் விளக்கிப் பயனில்லை.

பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் வரலாறு நடத்துகிறேன். வடதுருவத்துக்குக் கப்பலில் போன வெள்ளைக்காரர்கள், அங்குள்ள இனுயிட் மக்களின் கருவிகளைப் படம் வரைந்து குறித்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பழைய புத்தகங்களை இந்த ஜில்லாவில் படித்தவன் நான் ஒருவன்தான். மற்ற ஆசிரியர்கள் தொண்ணூற்றாறு உலகக் கோப்பை பார்க்க வீட்டுக்குக் கேபிள் இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

கல்லூரிக் கண்காட்சிக்கு, சீல் என்ற கடல்நாயை அவர்கள் வேட்டையாடும் ஈட்டியைச் செய்து வைத்தேன். அதன் எலும்பு முனை கம்போடு ஒட்டியிருக்காது. குத்தியதும் கம்பு கழன்றுவிடும். முனை உள்ளே தங்கும். முனையில் கட்டிய கயிற்றை இழுத்தால், துளையில் நுழைந்த பித்தான் போலக் குறுக்கே திரும்பிக்கொள்ளும். பிறகு எந்தப் பிராணியாலும் தப்ப முடியாது, எடுக்கவும் வராது என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். கயிறு விக்கிரமசிங்கபுரம் மில் நூலில் நானே திரித்தது.

விலங்கியல் ஆசிரியர் கிங்ஸ்லி அதைக் கையில் எடுத்து ஆட்டினார். மணப்பாட்டுக்காரர், கடற்கரையில் பிறந்ததையே ஒரு பட்டமாக நினைப்பவர்.

"சார்வாள், இத வச்சுக் குத்துனா உருவிக்கிட்டுல்லா போயிரும். சாளை மீனுகூடச் சிரிக்கும்."

மாணவர்கள் சிரித்தார்கள். கேலிக்குச் சிரிக்கத் தெரிந்த அளவுக்கு அவர்களுக்குப் படிக்கத் தெரியாது.

உங்கள் ஏட்டு பூதத்தான், "ரெண்டு பேருக்கும் என்ன பகை வே?" என்று கேட்டார். பகை சமமானவர்களுக்குள் வருவது. எனக்கு அவர் மேல் பகை கிடையாது. அவர் சொன்னது தவறு, அவ்வளவுதான். தவறை அப்படியே விட்டுவைப்பது ஆசிரியன் வேலையில்லை.

சனிக்கிழமை மத்தியானம், கல்லூரி காலியானபின் அவரை என் அறைக்குக் கூப்பிட்டேன். சிரித்த முகமாகத்தான் வந்தார்.

"அன்னைக்கு விளையாட்டுக்குச் சொன்னது, சார்வாள். மனசுல வச்சுக்கிடாதீங்க."

விளையாட்டாம். பனியில் பட்டினி கிடந்தவர்கள் உயிர் பிழைக்கச் செய்த கருவி இவருக்கு விளையாட்டு. மன்னிப்புக் கேட்டாரே தவிர, தான் சொன்னது தவறு என்று ஒப்புக்கொள்ளவில்லை.

விலாவுக்குக் கீழே குத்தினேன். வரைபடத்தில் இருந்தபடியே கம்பு தனியாக என் கையோடு வந்தது. கயிற்றைப் பைய இழுத்துப் பார்த்தேன். பிடித்தது. இன்னும் பலமாக இழுத்தேன். அவர்தான் என் பக்கமாக நகர்ந்தார்.

"சார்வாள், எடுத்துருங்க. வீட்டுல சின்னப் பிள்ளைய இருக்கு சார்வாள்."

எடுக்க வராது என்றுதானே கண்காட்சியில் அத்தனை பேர் முன்னால் சொன்னேன். எதையும் காது கொடுத்துக் கேட்காதவர்களிடம் இதுதான் தொந்தரவு.

கதவைச் சாத்தினேன். நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முனை உள்ளே எப்படித் திரும்புகிறது, கயிறு ஏன் அறுவதில்லை என்று முதலிலிருந்து நிதானமாகச் சொன்னேன். கண்ணை இமைக்காமல் கேட்டார். நான் சொல்லி முடித்த பிறகும் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஒப்புக்கொண்டுவிட்டார் என்றுதான் நினைக்கிறேன்.